சூரியப்புள்ளிகளை வரைவது எப்படி: கொடைக்கானல் காலைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நான் வரைந்த முதல் நாற்பது சூரியப் படங்களும் குப்பைக்குத்தான் போயின. சூரியனின் முகத்தில் தெரியும் கரும்புள்ளிகளை ஆசையாக, நிழல் தீட்டி வரைந்திருந்தேன். எந்தப் பக்கம் வடக்கு என்று ஒன்றில்கூடக் குறிக்கவில்லை. அதன் பிறகு கொடைக்கானலில் பள்ளிப் பிள்ளைகளோடு சில ஆண்டுகள் இதே வேலையைச் செய்து பார்த்தாயிற்று. புதிதாக வருகிற எல்லோரும் நான் விழுந்த அதே குழியில்தான் விழுகிறார்கள்: புள்ளியைக் கண்டதும் பென்சிலை எடுத்துவிடுகிறார்கள். திசை முதலில், புள்ளி பிறகு. கீழே உள்ள வரிசை முழுவதும் இதற்காக அமைந்தது. படிகளை இடம் மாற்றாதீர்கள்.

1. கண்ணைக் காப்பாற்றும் ஏற்பாடு

தொலைநோக்கி வழியாகச் சூரியனைப் பார்க்கக் கூடாது. ஒரு நொடிகூடக் கூடாது. விழித்திரையில் வலியை உணரும் நரம்புகள் இல்லை. வெந்துபோனாலும் அப்போது தெரியாது. சில மணி நேரம் கழித்துப் பார்வையின் நடுவில் திட்டு விழும்போதுதான் தெரியும். நாம் செய்யப்போவது வேறு: சூரியனின் பிம்பத்தைக் காகிதத்தில் விழவைத்து, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, காகிதத்தை மட்டும் பார்க்கப்போகிறோம்.

மலிவான தொலைநோக்கிப் பெட்டிகளில் கண்வில்லையில் திருகிப் பொருத்தும் ஒரு கறுப்புக் கண்ணாடி வரும். அதை இன்றே தூக்கிப் போடுங்கள். ஒளி குவியும் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் அது சூட்டில் விரிசல் விடும். விடும்போது உங்கள் கண் அங்கே இருக்கும். கிரகணக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொலைநோக்கிக்குள் பார்ப்பதும் அதே அளவு ஆபத்து. எக்ஸ்ரே பிலிம், புகைபிடித்த கண்ணாடி பற்றிப் பேச்சே வேண்டாம்.

பெரிய குழலின் மேல் இருக்கும் சிறிய தேடுகுழலைக் கழற்றிப் பையில் வைத்துவிடுங்கள். மூடி போட்டால் போதும் என்று நானும் நினைத்திருந்தேன். ஒருநாள் காற்றில் மூடி விழுந்தது யாருக்கும் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற பையன் ‘ஆ’ என்று கையை இழுத்துக்கொண்டபோதுதான் தெரிந்தது. சட்டைக் கையோடு போயிற்று, கண்ணாக இருந்திருக்கலாம்.

கருவியைத் தனியே விட்டு நகராதீர்கள். தேநீர் குடிக்கப் போனாலும் முன்வில்லையை மூடிவிட்டுப் போங்கள். சிறுவர்களுக்காக மட்டும் சொல்லவில்லை. கொடைக்கானல் குரங்குகளுக்குக் கண்வில்லை என்றால் ஏதோ தின்பண்டம் என்று நினைப்பு.

2. முன்கூட்டியே எடுத்துவைக்க வேண்டியவை

முன்பக்கம் வில்லை உள்ள 50 அல்லது 60 மில்லிமீட்டர் தொலைநோக்கி போதும். பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்துப் பரணில் கிடக்கிறதே, அதுவே சரி. ஆடி வைத்த தொலைநோக்கி வேண்டாம். குவிந்த சூடு உள்ளே இருக்கும் சிறிய ஆடியையும் அதன் பிளாஸ்டிக் தாங்கியையும் கெடுத்துவிடும். முன்வில்லை 60 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால், 50 மில்லிமீட்டர் ஓட்டை போட்ட அட்டையை முன்னால் பொருத்திக்கொள்ளுங்கள்.

கண்வில்லையில் கருவியோடு வந்த சாதாரணமானதையே பயன்படுத்துங்கள். விலையுயர்ந்தவற்றில் கண்ணாடிகளைப் பசை வைத்து ஒட்டியிருப்பார்கள். சூட்டில் பசை இளகும். ஒளியை வளைத்துத் தரும் முழங்கைத் துண்டு பிளாஸ்டிக்கில் இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள்.

மற்றவை: பரீட்சை அட்டை, வெள்ளைத்தாள், நான்கு கிளிப், ஒரு ஹெச்பி பென்சில், ஒரு 2ஹெச் பென்சில், நொடி காட்டும் கடிகாரம், குழலின் கழுத்தில் மாட்ட நடுவில் ஓட்டை போட்ட பெரிய அட்டை. கடைசியில் சொன்ன அட்டையை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பிம்பத்தின் மேல் நேரடி வெயில் விழாமல் நிழல் தருவது அதுதான். அது இல்லாமல் பெரிய புள்ளி மட்டும்தான் தெரியும்.

தாள்களை முந்தின இரவே தயார் செய்யுங்கள். ஒவ்வொன்றிலும் 15 சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு வட்டம், மையத்தின் வழியாக ஒரு கிடைக்கோடு, ஒரு செங்குத்துக்கோடு. காலையில் குளிரில் விறைத்த விரலோடு காம்பஸ் பிடித்துப் பாருங்கள், ஏன் முந்தின இரவே என்பது புரியும்.

3. எப்போது, எங்கே

காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் நடுவில். எட்டுக்கு முன்னால் சூரியன் தாழ்வாக இருக்கும். தடித்த காற்றின் வழியாக வருவதால் விளிம்பு கொதிக்கிற பால்போல் அலையும். பத்துக்கு மேல் தரை சூடேறிக் காற்று கலங்கும். பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு ஏறிவந்து மூடும் நேரமும் அதுதான்.

மாதங்களில் ஜனவரி முதல் மார்ச் வரை நம்மூருக்குப் பொற்காலம். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை; வாரத்துக்கு ஒரு படம் கிடைத்தாலே நிறைவு.

சிமெண்டுத் தளத்திலும் தகரக் கூரைக்கு மேலாகப் பார்க்கும்படியும் கருவியை நிறுத்தாதீர்கள். சூடேறிய தகரத்திலிருந்து எழும் காற்று சிறிய புள்ளிகளை அழித்துவிடும். புல்தரைதான் நல்லது. ஏழாயிரம் அடி உயரத்தில் புற ஊதா ஒளி சமவெளியைவிட அதிகம். குளிர்கிறதே என்று தொப்பியில்லாமல் இரண்டு மணி நேரம் நின்றால் மாலையில் பின்கழுத்துத் தோல் எரியும்.

4. நிழலை வைத்துக் குறிபார்த்தல்

குழல் வழியாகவும் பார்க்கக் கூடாது, குழலின் ஓரமாகவும் பார்க்கக் கூடாது என்றால் சூரியனை எப்படிப் பிடிப்பது? தரையில் விழும் குழலின் நிழலைப் பாருங்கள். குழலை மெல்லத் திருப்பத் திருப்ப நீண்ட நிழல் குறுகிக்கொண்டே வரும். அது முழு வட்டமாகச் சுருங்கும் கணத்தில் காகிதத்தில் வெளிச்சம் பளீரென்று விழும்.

புதியவர்கள் இங்கே அவசரப்பட்டு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அசைக்கிறார்கள். முதலில் இடவலம் திருப்பி நிழலை ஒடுக்குங்கள், பிறகு மேல்கீழ்.

5. பிம்பத்தை வட்டத்துக்குள் பொருத்துதல்

தாளைக் கண்வில்லையிலிருந்து தள்ளிக்கொண்டே போனால் பிம்பம் பெரிதாகும், மங்கும். குவியத் தூரம் 700 மில்லிமீட்டர் உள்ள குழலில் 20 மில்லிமீட்டர் கண்வில்லையைப் போட்டால், சுமார் 46 சென்டிமீட்டர் தள்ளிப் பிடிக்கும்போது பிம்பம் 15 சென்டிமீட்டர் வரும். உங்கள் கருவியில் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

குவியத்தைப் புள்ளியை வைத்துச் சரிசெய்யாதீர்கள், விளிம்பை வைத்துச் சரிசெய்யுங்கள். விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் வந்தால் புள்ளி தானாகத் தெளியும். குவியத்தைத் திருகியதும் பிம்பத்தின் அளவு மாறும். மறுபடி தாளை நகர்த்தி, மறுபடி திருக வேண்டும். இரண்டு சுற்றில் படியும். பிம்பம் முட்டை வடிவில் தெரிந்தால் தாள் சாய்ந்திருக்கிறது என்று பொருள்.

ஏன் 15 சென்டிமீட்டர்? சூரியனின் விட்டம் சுமார் 13.9 லட்சம் கிலோமீட்டர். இந்த அளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய 9,300 கிலோமீட்டர். பூமி 1.4 மில்லிமீட்டர்கூட வராது. ஒரு சிறு கடுகை எடுத்துத் தாளில் வைத்துப் பாருங்கள். அதுதான் நாம் எல்லோரும் இருக்கும் பூமி. 2024 மே 10, 11 தேதிகளில் லடாக்கின் ஹான்லே வரை துருவ ஒளியைக் கொண்டுவந்த காந்தப் புயலைக் கிளப்பிய புள்ளிக்கூட்டம், பதினைந்து பூமிகளை வரிசையாக அடுக்கிய அகலம். அதாவது இந்தத் தாளில் இரண்டு சென்டிமீட்டர், ஒரு கட்டைவிரல் அகலம்.

நேற்று குறித்துவைத்த தூரம் ஆறு மாதம் கழித்துச் சரியாக வராது. ஜனவரியில் சூரியன் நமக்குக் கொஞ்சம் பக்கத்தில், ஜூலையில் கொஞ்சம் தள்ளி. வட்டத்தில் சுமார் 5 மில்லிமீட்டர் வித்தியாசம் வரும்.

6. திசை குறித்தல்

இந்தப் படிக்கு நேரம் கொடுங்கள். பத்து நிமிடம் ஆனாலும் பரவாயில்லை.

கருவியைக் கைவிட்டு அப்படியே நிற்க விடுங்கள். பூமி சுழல்வதால் பிம்பம் தாளின் மேல் ஊர்ந்துபோகும். தன் முழு அகலத்தைக் கடக்க அதற்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்றே அதிகம். நம் அளவில் நொடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல். பிம்பம் எந்தப் பக்கம் போகிறதோ அதுவே மேற்கு. வேறு எதையும் நம்ப வேண்டாம்.

இப்போது ஒரு புள்ளியைத் தேர்ந்து, தாளின் கிடைக்கோட்டின் ஒரு முனையில் அதை நிறுத்தி, ஊர விடுங்கள். மறுமுனைக்குப் போகும்போது புள்ளி கோட்டை விட்டு விலகினால், தாளை விலகிய பக்கமாகச் சற்றே திருப்பி மறுபடி ஓட விடுங்கள். நான்கைந்து ஓட்டத்தில் புள்ளி கோட்டின் மேலேயே தண்டவாளத்தில் போவதுபோல் போகும். கிளிப்பால் தாளை இறுக்கி, போகும் முனையில் ‘மே’ என்று எழுதுங்கள். புள்ளியே இல்லாத நாளில் பிம்பத்தின் மேல் விளிம்போ கீழ் விளிம்போ கோட்டைத் தொட்டபடி ஓடுமாறு வையுங்கள்.

வடக்குக்கு ஒரு சின்ன வேலை போதும். நமக்கு வடக்கே அநேகமாக நேராகப் பழனி. காலையில் கிழக்கே பார்த்து நின்றால் அது உங்கள் இடக்கைப் பக்கம். குழலின் முன்முனையை மயிரிழை பழனிப் பக்கம் தள்ளுங்கள். காகிதத்தில் பிம்பம் எந்தப் பக்கம் விலகுகிறதோ அது தெற்கு, எதிர்ப்பக்கம் வடக்கு. பலர் இதைத் தலைகீழாக எழுதிவிடுகிறார்கள். குழல் வடக்கே போனால் சூரியன் பார்வைப் பரப்பின் தெற்கில் பின்தங்கும் என்று நினைவில் வையுங்கள்.

‘மேலே இருப்பதுதானே வடக்கு?’ என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது கேட்கிறார்கள். நம் ஊரில் ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஆகஸ்ட் கடைசி வரை உச்சிவேளைச் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. மேல், கீழ் என்பதை மறந்துவிடுங்கள்.

இன்னொரு சிக்கல்: இப்படி விழும் பிம்பம், முழங்கைத் துண்டு இல்லாவிட்டால், கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறியிருக்கும். வடக்கை மேலே வைத்துத் தாளைப் பிடித்தால் மேற்கு இடப்பக்கம் வரும். வரைந்து முடித்த பிறகு தாளைத் திருப்பி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, பின்பக்கம் படியெடுத்தால் மேற்கு வலப்பக்கம் வந்துவிடும். செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிட அதுதான் வசதி. மூலத்தாளில் கைவைக்காதீர்கள்.

திசையையும் நேரத்தையும் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1607 மே மாதம் வானியலாளர் யோகன்னஸ் கெப்ளர் சிறு துளை வழியாக விழுந்த சூரியப் பிம்பத்தில் ஒரு கரும்புள்ளியைக் கண்டு வரைந்துவைத்தார். புதன் கோள் குறுக்கே போகிறது என்று நினைத்துவிட்டார், நினைத்தது தவறு. ஆனால் எங்கே, எப்போது பார்த்தார் என்று குறிப்பு இருந்தது. அதைக்கொண்டு ஆய்வாளர்கள் அந்தப் படத்தின் திசையைக் கணக்கிட்டு, புள்ளி சூரியனின் நடுக்கோட்டுக்கு (பூமிக்குப் பூமத்திய ரேகைபோல்) பக்கத்தில் இருந்ததைக் கண்டறிந்து, 2024-ல் வெளியிட்டார்கள். புள்ளிகள் சுமார் பதினோரு ஆண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைவதைத்தான் சூரியச் சுழற்சி என்கிறோம். ஒரு சுழற்சி முடியும் தறுவாயில்தான் புள்ளிகள் நடுக்கோட்டை நெருங்கும். ஆகவே அது எந்தச் சுழற்சியின் வால் என்பதே தெளிவாயிற்று. என் நாற்பது படங்களை வைத்து யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

7. புள்ளிகளை வரைதல்

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கருவியை அசைத்துப் பிம்பத்தை வட்டத்துக்குச் சற்று முன்னால் கொண்டுவந்து நிறுத்துவார். அது ஊர்ந்துவந்து வட்டத்தோடு கச்சிதமாகப் பொருந்தும் கணத்தில் ‘இப்போது’ என்பார். அந்தக் கணத்தில் மற்றவர் ஒரே ஒரு புள்ளியின் இடத்தைப் பென்சில் முனையால் தொட்டு எடுக்க வேண்டும். ஒரு புள்ளிக்கு ஓர் ஓட்டம். ஒரே ஓட்டத்தில் ஐந்தைக் குறிக்கப் பார்த்தால் ஐந்தும் மேற்கே இழுபட்டிருக்கும்.

பெரிய புள்ளிகளின் இடம் முதலில், உருவம் பிறகு. உருவத்தில் இரண்டு பகுதி உண்டு: நடுவில் கருமை, சுற்றிலும் சாம்பல் நிறத்தில் இழை இழையான வளையம். கருமைக்கு ஹெச்பி, வளையத்துக்கு 2ஹெச். 1909-ல் வானியலாளர் ஜான் எவர்ஷெட் இதே கொடைக்கானல் வானாய்வகத்தில்தான் அந்தச் சாம்பல் வளையத்தில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதைக் கண்டறிந்தார். அந்தப் பாய்ச்சல் நம் தாளில் தெரியாது, வளையம் தெரியும்.

புள்ளி உண்மையில் கறுப்பு அல்ல. வலுவான காந்தப்புலம் அடியிலிருந்து வெப்பம் பொங்கி வருவதைத் தடுப்பதால், சுற்றியுள்ள சுமார் 5,500 டிகிரிப் பரப்பைவிட அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட டிகிரி குறைவு. அந்த வித்தியாசம்தான் கறுப்பாகத் தெரிகிறது. அதனால் கரிபோல் அப்பாதீர்கள். வளையத்துக்கும் நடுவுக்கும் வேறுபாடு தெரிந்தால் போதும்.

ஐயம் வந்தால் சோதனை எளிது. தாளை விரலால் ஆட்டுங்கள்: தாளோடு ஆடினால் அது தாளின் அழுக்கு. கண்வில்லையைச் சுழற்றுங்கள்: கூடவே சுழன்றால் கண்வில்லைத் தூசி. இரண்டுக்கும் அசையாமல் சூரியனோடு ஊர்ந்தால் அதுதான் புள்ளி. ஒரு மாணவி மூன்று நாள் தொடர்ந்து ஒரே இடத்தில் ஒரு ‘புள்ளி’யை வரைந்து வந்தாள். சூரியன் சுழலவே இல்லை போலும் என்று நாங்கள் சிரித்தோம். கண்வில்லையில் ஒட்டியிருந்த ஒரு மகரந்தத் துகள் அது.

விளிம்பருகே வெண்மையான ஒளித்திட்டுகள் தெரிந்தால் புள்ளிக்கோட்டால் சுற்றிக் காட்டுங்கள். நடுவைவிட விளிம்பு மங்கலாகத் தெரிவது இயல்பு. அதை வரைய வேண்டாம்.

இருபது நிமிடத்தில் முடித்துவிடுங்கள். சாதாரண முக்காலியில் நிற்கும் கருவியில் திசை மெல்ல மெல்லத் திரும்பும். காலையில் குறைவாக, நண்பகலை ஒட்டி வேகமாக. முடித்ததும் ஒரு புள்ளியை மறுபடி கிடைக்கோட்டில் ஓடவிட்டுப் பாருங்கள். விலகினால் அந்தப் படத்தின் ஓரத்தில் அப்படியே எழுதிவையுங்கள்.

8. எண்ணுதல்

கூட்டங்களின் எண்ணிக்கையைப் பத்தால் பெருக்கி, தனிப்புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்து வானியலாளர் ருடால்ஃப் வோல்ஃப் வகுத்த இந்தக் கணக்கு இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது. உலகப் பதிவைப் பிரஸ்ஸல்ஸில் உள்ள பெல்ஜிய அரச வானாய்வகம் பராமரிக்கிறது.

ஒரு நாள் மூன்று கூட்டங்கள், அவற்றில் முறையே 7, 3, 1 புள்ளிகள் என்று வையுங்கள். 30-உம் 11-உம் சேர்த்து 41. தனியாக ஒரே ஒரு புள்ளி இருந்தாலும் அது ஒரு கூட்டம்தான், விடை 11. ஆகவே உங்கள் ஏட்டில் 1 முதல் 10 வரை எந்த எண்ணும் வரவே முடியாது. வந்திருந்தால் கூட்டத்தைச் சேர்க்க மறந்திருக்கிறீர்கள்.

கடினமானது புள்ளிகளை எண்ணுவது அல்ல, கூட்டங்களைப் பிரிப்பது. பெரும்பாலான கூட்டங்கள் கிழக்குமேற்காக நீண்டிருக்கும். மேற்கு முனையில் ஒரு பெரிய புள்ளி முன்னால் போக, கிழக்கு முனையில் உதிரிகள் பின்தொடரும். புதியவர்கள் இதை இரண்டு கூட்டமாக எண்ணிப் பத்தைக் கூட்டிவிடுவார்கள். வடக்குத்தெற்காக விலகிய இரண்டை ஒன்றாக்கிப் பத்தைக் குறைத்தும்விடுவார்கள். திசைக்கோடு இல்லாமல் இதைத் தீர்மானிக்க வழியில்லை.

உங்கள் எண் பிரஸ்ஸல்ஸ் எண்ணைவிடக் குறைவாகவே வரும். சிறு கருவிக்கு அதுதான் நியாயம். அதை எட்டிப்பிடிக்க வேண்டும் என்று இல்லாத புள்ளிகளைத் தேடாதீர்கள். ஒரே கருவி, ஒரே கண்வில்லை, ஒரே முறை என்று ஓராண்டு போனால், இரண்டுக்கும் உள்ள விகிதம் தானே புலப்படும்.

9. சூரியனின் சாய்வு

நீங்கள் குறித்த வடக்கு நம் வானத்தின் வடக்கு. சூரியனின் அச்சு அதோடு பொருந்துவது ஆண்டில் இரண்டே முறை: ஜனவரி 5, ஜூலை 7 வாக்கில். ஏப்ரல் முதல் வாரத்தில் அது மேற்கே 26 பாகை சாய்ந்திருக்கும். அக்டோபர் இரண்டாம் வாரத்தில் கிழக்கே அதே அளவு. அன்றன்றைய சாய்வை வானியல் பஞ்சாங்கங்களில் பார்த்து, பாகைமானியால் வேறு நிறப் பென்சிலில் ஒரு கோடு போடுங்கள். இதைச் செய்யாத மாணவர்கள் ஏப்ரலில் ‘புள்ளி ஒரே வாரத்தில் நடுக்கோட்டைத் தாண்டிவிட்டது’ என்று ஓடிவருவார்கள். புள்ளி தாண்டவில்லை.

10. பதிவேடு

ஒவ்வொரு படத்திலும் தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், வானத்தின் நிலை, கருவி, வரைந்தவர் பெயர். நேரத்தை உலகப் பொது நேரத்திலும் எழுதுங்கள்: நம் நேரத்தில் ஐந்தரை மணியைக் கழித்தால் போதும். காலை எட்டு மணி என்பது அங்கே இரண்டரை, தேதி மாறாது.

வரைந்து முடிக்கும் வரை யாரும் கைபேசியில் அன்றைய செயற்கைக்கோள் படத்தைப் பார்க்கக் கூடாது. இதில் நான் கறாராக இருக்கிறேன். பார்த்தவர் கை, தாளில் இல்லாததையும் வரையும். முடித்த பிறகு தாராளமாக ஒப்பிடுங்கள். தவறவிட்டதைப் பக்கத்தில் எழுதுங்கள், படத்தைத் திருத்தாதீர்கள்.

மேகம் மூடிய நாளில் கட்டத்தில் கோடு போடுங்கள், பூஜ்யம் போடாதீர்கள். பூஜ்யம் என்றால் பார்த்தேன், புள்ளி இல்லை என்று பொருள். இப்போதைய சுழற்சி 2019 டிசம்பரில் தொடங்கி, 2024 அக்டோபரை ஒட்டி உச்சத்தைக் கடந்துவிட்டது. இனி இறங்குமுகம், உண்மையான பூஜ்யங்கள் வரத் தொடங்கும். மழைநாள் பூஜ்யங்கள் அவற்றோடு கலந்தால் ஏடு முழுவதும் வீண்.

ஒரு பெரிய கூட்டம் மேற்கு விளிம்பில் மறைந்தால் அந்தத் தேதியோடு பதின்மூன்று, பதினான்கு நாட்களைக் கூட்டி நாட்காட்டியில் வட்டமிடுங்கள். அந்தக் காலை எட்டு மணிக்குக் கிழக்கு விளிம்பைப் பாருங்கள். கூட்டம் கலையாமல் இருந்தால், முதலில் ஒளித்திட்டு வரும். அதன் நடுவே நகத்தால் கீறியதுபோல் ஒரு மெல்லிய கருங்கோடு. இரண்டு நாளில் அது அகன்று, நீங்கள் முன்பு வரைந்த புள்ளியாகிவிடும்.